படகு ஓடாத வாரம்

எல்பே நதி ஐந்து மீட்டர் நாற்பது.
துறையில் சங்கிலி கட்டிப் பூட்டும் போட்டுவிட்டு
ஹின்னெர்க் சிகரெட் பற்றவைக்கிறான்.
"வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்கிறான்.
எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை.

இன்று மதியம் இரண்டு மணிக்கு
இல்கா அக்கரை போக வேண்டிய முறை.
வக்கீல் எழுதிய காகிதம் அப்படி:
மேசை எனக்கு, கார் ஸ்வாந்தியேவுக்கு,
நாய் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.
வெள்ளத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

போனில் சொன்னேன், குரலில் வருத்தம் கலந்து.
கலந்த அளவு கொஞ்சம் கூடிவிட்டது.
"சந்தோஷமாக இருக்கிறாய்" என்றாள்.
பாலம் ஒன்று இருக்கிறது, வெகுதூரம் சுற்ற வேண்டும்.
அவளும் சொல்லவில்லை. நானும்.

நடக்கப் போனோம்.
பழைய கரையை அங்கங்கே வெட்டித் திறந்து
நிலத்தை நதிக்கே விட்டிருக்கிறார்கள்.
உருளைக்கிழங்கு விளைந்து நான் பார்த்த வயலில்
வாத்துகள் மிதக்கின்றன,
வேலிக்கம்பின் தலை மட்டும் வெளியே தெரிய.

மஞ்சள் பலகையில் கறுப்பு ஆந்தை.
கீழே: நாய்களைக் கயிற்றில் பிடித்துச் செல்லவும்.
இரண்டு மீட்டர் கயிறு.
ஒரு முனையில் ஈர மூக்கு,
மறுமுனையில் ஐம்பத்தாறு வயது.
யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்பதைப்
பலகை தெளிவாகச் சொல்லவில்லை.

பீவர் கடித்துச் சாய்த்த வில்லோ மரத்தடியில்
பத்து நிமிடம் நின்றாள் இல்கா.
சீவல்கள் வெண்ணெய் நிறம், இன்னும் ஈரம்.
நான் செய்தித்தாளைக்கூட இவ்வளவு பொறுமையாய்ப் படித்ததில்லை.
ஓக் மரங்களில் நதி கோடு கிழித்திருக்கிறது,
சென்ற வருடக் கோடு என் முழங்கால்,
அதற்கும் முந்தையது என் தாடை.

பிறகு பாதை
சொல்லிக்கொள்ளாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

அங்கே, பாய் விரித்த அகலத்தில் ஒரு திட்டு.
அதில் இரண்டு முயல்கள்.
ஓடினால் தண்ணீர். நின்றால் நாய்.
காதை முதுகோடு ஒட்டிவைத்துக்கொண்டு
எங்களை அவை பார்க்கவேயில்லை,
பார்க்காவிட்டால் நாங்கள் இல்லை என்பது போல.

கயிறு விறைத்தது.
உள்ளங்கையில் அதன் தடம் சிவந்தது.
"வா" என்றேன், வரவில்லை.
பதினெட்டு கிலோவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு
சேற்றில் பின்வாக்கில் நடந்தேன்.
வனக்காவலர் வீப்கே தோடே
தூரத்தில் தொலைநோக்கியை இறக்கினாள்.
கண்டிப்பாள் என்று நினைத்தேன்,
கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் துறை.
அக்கரை ஒரு பழுப்புக் கோடு,
அதில் ஒரு சிவப்புப் புள்ளி.
மேலங்கியா, மிதவையா, தெரியவில்லை.
காற்று, தண்ணீர், மிதந்து போகும் ஒரு கதவு.
வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் இல்கா நின்றாள்.
முன்கால் ஒன்று அந்தரத்தில்.
கயிற்றின் வழியே ஒரு நடுக்கம்
என் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.
யாரோ சீழ்க்கை அடிக்கிறார்கள்.
இரண்டு குறில், ஒரு நெடில்.
சமையலறை ஜன்னலிலிருந்து பதினோரு வருடம்
நானும் சேர்ந்து கேட்டதுதான்.

உட்கார் என்றேன்.
உட்காரவில்லை.
புள்ளி போன பிறகும் நின்றுகொண்டிருந்தோம்,
ஷூவைத் தண்ணீர் தொடும்வரை.

இரவு போனை எடுத்தேன்.
நாய் கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தது.
"பாலம் சுற்றி வந்தால் அறுபது கிலோமீட்டர்" என்று
ஆரம்பித்தேன்.

"அறுபத்து மூன்று" என்றாள்.